பழைய லேத்துக்குப் புதிய மின் இணைப்பு

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை வாங்கிப் பட்டறையில் இறக்கியதும் பெட் (அடித்தளம்) தேய்ந்திருக்கிறதா, சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) ஆடுகிறதா என்று நுணுக்கமாகப் பார்ப்பவர்கள்கூட, பின்பக்கம் தொங்கும் வயரை அப்படியே சுவிட்ச் பலகையில் இணைத்து ஓட்டிப் பார்த்துவிடுகிறார்கள். அது கூடாது. நான் வாங்கிய 3 ஹெச்.பி. லேத்தில் யாரோ மூன்று கோர் கேபிளை வைத்து வேலையை முடித்திருந்தார். பச்சை வயரும் ஒரு பேஸ்தான் (மும்முனை மின்சாரத்தை எடுத்து வரும் மூன்று வயர்களில் ஒன்று), எர்த்தே கிடையாது. நிறத்தை நம்பி அந்தப் பச்சையை எர்த்தில் மாட்டியிருந்தால், லேத்தின் உடலுக்கு எர்த் இல்லாமலே போயிருக்கும். மோட்டார் இழுக்கும் மின்னோட்டமோ பட்டறையின் எர்த் வழியாக ஓடியிருக்கும். பழைய வயரில் ஓர் அடியைக்கூட மிச்சம் வைக்காமல் கழற்றிவிடுவதே நல்லது. கழற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு முனையையும் படமெடுத்துச் சீட்டு கட்டி வையுங்கள்.

பலகையிலிருந்து இயந்திரம் வரை வரும் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். இயந்திரத்துக்குள் நீங்களே கை வைப்பதானால், மெயினை அணைத்துப் பூட்டிய பிறகு, மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யப்போகும் முனையில் பாருங்கள், மறுபடியும் முதல் இடத்தில் பாருங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி விரலை வைக்கக் கூடாது.

அடுத்து மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். நம் ஊரில் மும்முனை மின்சாரம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டாருக்குள் இருக்கும் மூன்று கம்பிச் சுற்றுகளை ஸ்டார், டெல்டா என்று இரு முறைகளில் இணைக்கலாம். 2 ஹெச்.பி. வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பிலும், 3 ஹெச்.பி.யும் அதற்கு மேலும் டெல்டா இணைப்பிலும் ஓடுமாறு சுற்றப்பட்டிருக்கும். ஆனாலும் தகட்டில் அச்சிட்டிருப்பதே முடிவு. டெர்மினல் பாக்ஸில் ஆறு முனைகள் இருந்தால், டபிள்யூ2, யு2, வி2 மூன்றையும் ஒரே வரிசையில் பட்டையால் சேர்ப்பது ஸ்டார். யு1-ஐ டபிள்யூ2-உடனும், வி1-ஐ யு2-உடனும், டபிள்யூ1-ஐ வி2-உடனும் சேர்ப்பது டெல்டா. ஸ்டாரில் ஓட வேண்டிய மோட்டாரை டெல்டாவில் இணைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 1.73 மடங்கு வோல்டேஜ் கிடைத்துச் சீக்கிரமே எரிந்துபோகும். டெல்டாவில் ஓட வேண்டியதை ஸ்டாரில் இணைத்தால் திருகுவிசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, வெறுமனே ஓடும்போது ஒழுங்காக இருந்துவிட்டு, கனமான வெட்டு கொடுத்ததும் சூடேறி மூச்சுத் திணறும்.

பட்டைகளைக் கழற்றிய நிலையில் 500 வோல்ட் மெகரை (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சுற்றுக்கும் உடலுக்கும் இடையிலும், சுற்றுகளுக்கு இடையிலும் பாருங்கள். குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். நல்ல மோட்டாரில் இதைவிடப் பல மடங்கு காட்டும். குறைவாக இருந்தால் மழையில் கிடந்த மோட்டாராக இருக்கலாம். மூடியைக் கழற்றி, உள்ளே 100 வாட் குண்டு பல்பைச் சுற்றில் தொடாதபடி ஒரு நாள் எரியவிட்டு மறுபடியும் பாருங்கள்.

இனி எர்த். மும்முனை மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் தேவை. பெயின்ட் மேல் லக்கை (வயர் நுனியில் அடிக்கும் உலோக முனை) வைத்து போல்ட் போட்டால் அது எர்த் ஆகாது. பளபளக்கும் உலோகம் தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்க வேண்டும். பெட்டிக்குள் எர்த் வயரை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது கேபிளில் தடுக்கி இழுத்தாலும் பேஸ்கள் பிய்ந்த பிறகுதான் எர்த் பிய்யும்.

3 ஹெச்.பி.க்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளமாகப் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸுக்கு, பச்சை எர்த்துக்கு. முறுக்கிய இழைகளை நேராகத் திருகுக்குள் திணிக்காமல் லக் அடித்து மாட்டுங்கள். கேபிள் நுழையும் ஓட்டையில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் கட்டாயம்.

வெறும் சுவிட்சுக்குப் பதிலாக டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேரடியாக மெயினில் இணைத்து ஓட்டுவது) போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது லேத் தானாகச் சுற்றத் தொடங்காது என்பதே அதன் பெரிய பயன். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் காந்தக் காயிலின் வோல்டேஜைப் படித்துவிட்டு இணைக்க வேண்டும்: 415 வோல்ட் காயில் இரண்டு பேஸ்களுக்கு இடையில் வரும், 230 வோல்ட் காயிலுக்கு நியூட்ரல் வேண்டும். பழைய இயந்திரங்களில் கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 110 வோல்ட் வருவதும் உண்டு. அந்தக் காயிலில் 415-ஐக் கொடுத்தால் அது அப்போதே கருகிவிடும். ஓவர்லோடு ரிலேயை (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்துவது) நேம் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள், 3 ஹெச்.பி.க்கு அது 5 ஆம்பியருக்கு அருகில் இருக்கும்.

முதல் ஓட்டத்துக்கு பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு நொடி ஓட்டிப் பாருங்கள். மரையில் திருகி மாட்டும் சக் உள்ள லேத்தில் ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றவைக்கும் தண்டு) தலைகீழாகச் சுற்றினால் சக் கழன்று வந்து விழும். அதன் எடையை ஒரு முறை தூக்கிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. திசை தவறாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டு மூன்றில் ஏதேனும் இரண்டு பேஸ்களை இடம் மாற்றுங்கள். கூலன்ட் பம்புக்கும் தனியாகத் திசை பார்க்க வேண்டும்.

பெல்ட்டை மாட்டி, ஒரு மணி நேரம் வழக்கமான வெட்டில் ஓட்டி, கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ்களின் ஆம்பியரையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் லூசான திருகையோ கான்டாக்டரில் (ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சுவிட்ச்) கருகிய முனையையோ முதலில் தேடுங்கள். அதிர்வில் திருகுகள் தளரும் என்பதால், ஒரு வாரம் ஓடிய பிறகு மெயினை அணைத்து எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.