கண்ணாடிச் சிலை வாங்கப் போறீங்களா, முதல்ல பின்னாடி ஒரு லைட்டைப் புடிச்சுப் பாருங்க

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் ஒருதடவையாவது போயிருப்போம், திருச்செந்தூர் ரோட்டுல இருக்கே அதான். இளவரசியைத் தூக்கிட்டுப் போற குறவன் சிலை முன்னாடி நின்னு, விலா எலும்பையும் நரம்பையும் பாத்து அசந்து போயிருந்தா உங்களுக்குச் சிலை பாக்கத் தெரியும். ஆனா அதே கண்ணோட கண்ணாடிச் சிலையைப் பாத்தா ஒண்ணும் புடிபடாது, எனக்கே ரெண்டு மூணு வருஷம் புடிபடல. கல்லுல வெளிச்சம் மேலயே நின்னுரும், நிழல் குழியில விழும். கண்ணாடியில வெளிச்சம் உள்ள பூந்து அந்தப் பக்கம் போயிருது, அதனால கலர் கண்ணாடின்னா தடிமனா இருக்க இடம் கருத்துத் தெரியும், மெலிசா இருக்க இடம் வெளிறித் தெரியும். நிழலே சிலைக்குள்ளதான் இருக்கு.

என்கிட்ட ஒரு தாயும் புள்ளையும் இருக்கு, தேன் கலர், உள்ளங்கை அளவு. பாளையங்கோட்டையில ஒரு பழைய வீட்டைக் காலி பண்ணும்போது வாங்குனது. டியூப்லைட் வெளிச்சம் முன்பக்கமா விழுற மாதிரி வச்சுப் பாத்தப்ப கரைஞ்சுபோன சோப்புக்கட்டி மாதிரி இருந்துச்சு, வேண்டாம்னு கீழ வைக்கப் போனேன். கையைத் தாழ்த்துனப்ப ஜன்னல் அதுக்குப் பின்னாடி வந்துச்சு பாருங்க, சாயங்கால வெயில்ல அந்தம்மாவோட கழுத்து மட்டும் வெளுத்து, புள்ளை தலை நெஞ்சுல அழுந்துற இடம் கருப்பட்டிப் பாகு கலர்ல கனிஞ்சு, அவ குனிஞ்சு புள்ளையை மோந்து பாக்கிறது அப்பத்தான் தெரிஞ்சது.

அதனால கடையில கூச்சப்படாம போன் டார்ச்சைப் போட்டு, வெளிச்சத்தை மட்டுப்படுத்த முன்னாடி ஒரு வெள்ளைத் தாளைப் புடிச்சு, சிலைக்குப் பின்னாடி, பக்கவாட்டுல, கீழன்னு மெதுவா நகத்துங்க. செக் நாட்டு ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, யாரோஸ்லாவா பிரிக்தோவா தம்பதி இதையே ஒரு கலையா வளத்தவங்க, வார்ப்புக் கண்ணாடியோட பின்பக்கத்துல முகத்தைக் குடைஞ்சு விட்டாங்கன்னா முன்னாடி நிக்கறவங்களுக்கு அது புடைச்சுக்கிட்டு நிக்கற முகமாத் தெரியும்.

அடுத்தது எப்படிச் செஞ்சதுன்னு பாக்கணும். விலையில பாதி அதுலதான் இருக்கு. திருவிழாப் பொருட்காட்சியில ஒரு ஆள் கேஸ் தீயில கண்ணாடிக் குச்சியை உருக்கி மயில், குதிரை, கப்பல்னு இழுத்து இழுத்துச் செய்வாரே, அது ஒரு வகை. அச்சுல அமுக்கி எடுக்கிறது இன்னொண்ணு, பக்கவாட்டுல நகத்தை ஓட்டுனா மெலிசா ஒரு அச்சுக் கோடு தட்டும், அது மோசம்னு இல்ல, ஆனா கையால செஞ்சதுன்னு சொல்லி வித்தா நம்பாதீங்க. மூணாவது, உலைக் கண்ணாடியைக் கம்பி நுனியில எடுத்து, அது ஆறுறதுக்குள்ள இடுக்கியால இழுத்து நெருக்கி உருவம் கொண்டு வர்றது. வெனிஸ் பக்கத்து முரானோ தீவு இதுக்குப் பேர் போனது, தீ விபத்துக்குப் பயந்து 1291ல கண்ணாடி உலைகளை எல்லாம் வெனிஸ்ல இருந்து அங்க மாத்துனாங்க. இதுல ரெண்டாவது சான்ஸ் கெடையாது, குதிரையோட கழுத்து வளைவுல தயக்கம் இருந்தா அப்படியே நின்னுரும். கடைசியா வார்ப்பு. மெழுகுல உருவம் செஞ்சு, அதைச் சுத்தி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேத்திட்டு ஊத்துறது, நம்ம ஐம்பொன் சிலை மாதிரியேதான். பெரிய வார்ப்பை ஆற வைக்கவே வாரக்கணக்கு ஆகும், அவசரப்பட்டா உள்ள இறுக்கம் நின்னு என்னைக்காவது தானா விரியும்.

பிளாஸ்டிக்கான்னு சந்தேகம் வந்தா கன்னத்துல வச்சுப் பாருங்க, கண்ணாடி சில்லுனு இருக்கும், கனமும் அக்ரிலிக்கை விட ரெண்டு மடங்குக்கு மேல. ஈயம் கலந்த பழைய லெட் கிரிஸ்டல் கண்ணாடி இன்னும் கனம்.

பேரு வெட்டியிருக்குன்னு மட்டும் காசைக் குடுத்துராதீங்க. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1945ல செத்துப்போனார், அதுக்கப்புறம் வந்த சாமான்ல முன்னாடி இருந்த 'ஆர்' எழுத்து போய் வெறும் லாலிக்னு வரும், ஆனா அந்த 'ஆர்' எழுத்தைப் புதுசா செதுக்கி விக்கிறதும் நடக்கு. கையெழுத்தை கடைசியாப் பாருங்க.

உடைசல் பாக்கிறதுல எனக்கு ஒரு அடி பட்டிருக்கு. ஆன்லைன்ல ஒரு குதிரை வாங்குனேன், போட்டோவுல நல்லாத்தான் இருந்துச்சு, கையில வந்தப்புறம் பாத்தா ஒரு காது நுனி தட்டையா இருக்கு. உடைஞ்ச இடத்தைத் தேச்சு மழுப்பியிருக்காங்க, விக்கிறவர் ஒத்துக்கிடவே இல்ல. தீயில உருவான ஓரம் உருண்டு வழவழன்னு இருக்கும், தேச்ச ஓரம் தட்டையா விளிம்பு கட்டியிருக்கும், நகம் சொல்லிரும். காது, மூக்கு, விரல், கணுக்கால், ரெக்கை ஒட்டுன இடம், இதெல்லாம் ஒண்ணொண்ணாத் தடவுங்க, ரெண்டு காதும் ஒரே நீளமான்னு பாருங்க. ரூவா நோட்டு செக் பண்ற யூ.வி. லைட் அடிச்சா ஒட்டுன பசை பல நேரம் தனியாத் தெரியும். உள்ள இருக்க குமிழி குறையில்ல, ஆனா அசைச்சுப் பாக்கும்போது முகம் பாக்கிற கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுற கோடு இருந்தா அது விரிசல், விட்டுருங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளுக்கு ஒருநாள் போயிட்டு வாங்க, முதல் தடவை வாங்கக்கூட வேண்டாம், அம்பதைக் கையில எடுத்துப் பாத்தாலே கண்ணு பழகிரும்.

வீட்டுல வைக்கிறதுதான் நமக்குப் பெரிய பாடு அண்ணாச்சி. ஆனி ஆடிக் காத்து செங்கோட்டைப் பக்கம் இருந்து அடிச்சா ஜன்னல் திரைச்சீலையே சிலையைத் தட்டி விட்டுரும். மேஜைக் கண்ணாடிக்கு அடியில ஒட்டுவோமே சின்ன ரப்பர் பொட்டு, அதை அடியில மூணு எடத்துல ஒட்டிருங்க, கதவு போட்ட அலமாரின்னா இன்னும் நல்லது. காத்தை விடத் தூசி மோசம். மணல்ல இருக்க குவார்ட்ஸ் கடினத்துல பத்துக்கு 7, கண்ணாடி அஞ்சரைதான், அதுவும் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரிமண்ணு படியுற வீடுன்னா காஞ்ச துணியால தொடைக்கவே கூடாது, ஒவ்வொரு தடவையும் கீறும். மெதுவான பிரஷ்ஷால தட்டிட்டு, அடியில துண்டு விரிச்ச பிளாஸ்டிக் வாளியில, வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டுக் கழுவுங்க. கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணி, போரிங் தண்ணியில விட்டா உப்புக்கறை படியும், மங்கலான ஃப்ராஸ்ட் கண்ணாடியில அது போறது ரொம்பக் கஷ்டம். ஒட்டுப் போட்ட சிலையைத் தண்ணியில முக்காதீங்க.

இன்னொண்ணு. வெயில் நேரா விழுற இடத்துல கெட்டிக் கண்ணாடி உருண்டை, மீன், பறவை எதையும் வைக்காதீங்க, லென்ஸ் மாதிரி வெயிலைக் குவிச்சு மேஜை விரிப்பைக் கருக்கிரும், தீயே புடிக்கலாம். என் தாயும் புள்ளையும் மேக்க ஜன்னல்ல இருந்து ஆறடி தள்ளி இருக்கு, வெயில் மேல படாது, வெளிச்சம் மட்டும் பின்னாடி வரும், சாயங்காலம் நாலரைக்கு அந்தக் கழுத்து வெளுக்க ஆரம்பிக்கும்.