தடத்தின் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: செல் வளர்ப்புக்கும் துகள் பிரிப்புக்கும் நுண்பாய்மச் சில்லு அமைக்கும் முறை

நுண்பாய்மச் சில்லு ஒன்றை, அதாவது மயிரிழை அளவுத் தடங்களில் திரவத்தை ஓட்டும் சிறு தகட்டை, முதன்முதலாக வடிவமைக்க உட்காருகிறவர்கள், மேலிருந்து பார்த்தால் தெரியும் தடங்களின் நீளத்தையும் அகலத்தையும் வளைவுகளையும் கணினியில் வரைவதிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த வரைபடத்தில் தெரியாத ஓர் அளவுதான், அதாவது தடத்தின் உயரம்தான், சில்லின் நடத்தையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பாய்மத்துக்குத் தடம் தரும் எதிர்ப்பு உயரத்தின் மும்மடிக்கும், செல்கள்மீது விழும் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு (ஓடும் திரவம் ஓர் அலகுப் பரப்பை உரசி இழுக்கும் விசை) உயரத்தின் இருமடிக்கும் எதிர்விகிதத்தில் மாறுகின்றன. எந்த அளவுள்ள துகள் தடத்தில் ஒரே கோட்டில் திரண்டு வரிசைப்படும், எது படாது என்பதும் துகளின் விட்டத்துக்கும் தடத்தின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்ததே. ஆகவே காகிதத்தில் முதலில் எழுத வேண்டிய எண் உயரம். மற்றவை அதன் பின்னால் வர வேண்டும்.

பாய்வின் தன்மையைப் பற்றி ஒரு சொல். 100 மைக்ரோமீட்டர் தடத்தில் நீர் வினாடிக்கு 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் ரெனால்டு எண் (திரவத்தின் நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 0.1 மட்டுமே. அந்த நிலையில் கொந்தளிப்பு ஓட்டத்துக்கு இடமே இல்லை. அருகருகே ஓடும் இரு திரவங்கள் விரவுதலால், அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதால், மட்டுமே கலக்கும். சிறிய புரத மூலக்கூறு ஒன்று 100 மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்க ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். செல் வளர்ப்பில் இந்த மெதுவான கலப்பு ஒரு வரம். ஒரே அறையில் மருந்தின் செறிவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை படிப்படியாகக் குறையும்படி நிலைநிறுத்த முடிவது இதனால்தான்.

வளர்ப்பு அறையின் கணக்கு

உயரத்தைக் காட்டிலும் அகலம் பல மடங்கு பெரிதாக உள்ள அறையில், தரையில் ஒட்டியிருக்கும் செல்கள் உணரும் தகைவைக் கணக்கிடுவது எளிது. பாகுநிலையையும் பாய்வு வீதத்தையும் பெருக்கி, அதை 6 மடங்காக்கி, அகலத்தாலும் உயரத்தின் இருமடியாலும் வகுக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் அகலமும் 100 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள அறையில், 37 டிகிரி செல்சியஸில் பாகுநிலை 0.75 மில்லிபாஸ்கல்-வினாடியாக உள்ள வளர்ப்பு ஊடகத்தை நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வீதம் செலுத்தினால் தகைவு 0.0075 பாஸ்கல் ஆகும். இது மென்மையான செல்களும் தாங்கும் அளவு. தமனிகளின் உட்சுவர்ச் செல்களை அவற்றின் இயல்பான சூழலுக்கு நெருக்கமாக வைக்க வேண்டுமானால் 1 முதல் 2 பாஸ்கல் வரை தேவை. அதே அறையில் 1 பாஸ்கல் பெற நிமிடத்துக்குச் சுமார் 130 மைக்ரோலிட்டர் செலுத்த வேண்டியிருக்கும். உயரம் 50 மைக்ரோமீட்டராகக் குறைந்தால் அதே வீதத்தில் தகைவு நான்கு மடங்காகும். சில்லை வார்க்கும் அச்சின் உயரத்தில் 10 சதவீதப் பிழை நேர்ந்தாலும் தகைவில் ஏறக்குறைய 20 சதவீதப் பிழை வந்துவிடுகிறது. வடிவமைப்பில் எழுதிய உயரத்தை நம்பிக் கணக்கிடாமல், செய்து முடித்த அச்சின் உயரத்தை மேற்பரப்பு அளவியால் அளந்து, அந்த எண்ணையே சோதனைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

எத்தனை செல்களை விதைக்க வேண்டும் என்பதையும் உயரமே சொல்லும். அறையை நிரப்பும் திரவத்தில் உள்ள செல்கள் அனைத்தும் நேராகக் கீழே படிவதால், சதுர சென்டிமீட்டருக்கு 50,000 செல்கள் வேண்டுமானால், 100 மைக்ரோமீட்டர் உயர அறைக்கு மில்லிலிட்டருக்கு 50 இலட்சம் செல்கள் கொண்ட கலவை தேவைப்படுகிறது. சாதாரண வளர்ப்புக் குடுவைக்குப் பழகிய கைக்கு இது மிகையான செறிவாகத் தோன்றும். நீர்த்த கலவையைச் செலுத்திவிட்டு, மறுநாள் அறை காலியாகக் கிடப்பதைக் கண்டு கவலைப்படுகிறவர்கள் பலர். ஊடகத்தின் அளவிலும் இதே கதைதான். குடுவையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 0.2 முதல் 0.3 மில்லிலிட்டர் ஊடகம் நிற்கும். 100 மைக்ரோமீட்டர் அறையில் 10 மைக்ரோலிட்டர் மட்டுமே நிற்கும். இருபது, முப்பது மடங்கு குறைவான உணவை வைத்துக்கொண்டு செல்கள் ஓர் இரவைக் கழிக்க முடியாது. எனவே மெதுவான தொடர் பாய்வு வேண்டும், அல்லது சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஊடகத்தை மாற்ற வேண்டும்.

அச்சும் சிலிக்கோனும்

பாலிடைமெத்தில்சிலாக்சேன், சுருக்கமாகப் பிடிஎம்எஸ், என்னும் சிலிக்கோன் ரப்பரில் சில்லு வார்க்கும் முறையை 1998-இல் ஹார்வர்டு வேதியியலாளர் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு எளிமைப்படுத்தி வெளியிட்டது. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. சிலிக்கான் வில்லையில் எஸ்யூ-8 என்னும் ஒளியுணர் பிசினைச் சுழற்றிப் பரப்பி, சூடாக்கி, முகமூடி வழியாகப் புறஊதா ஒளி காட்டி, மறுபடியும் சூடாக்கி, ஒளிபடாத பகுதியைக் கரைத்து நீக்கினால் மேடான தடங்களைக் கொண்ட அச்சு கிடைக்கும். பிசினின் பாகுநிலையும் அதைச் சுழற்றும் வேகமுமே உயரத்தைத் தீர்மானிக்கின்றன. அச்சின் மேற்பரப்பில் ரப்பர் ஒட்டாமல் தடுக்கும் சிலேன் ஆவியைப் படியச் செய்ய மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ரப்பரை உரிக்கும்போது தடங்களும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

பிடிஎம்எஸ் மூலப்பொருளையும் இறுக்கியையும் எடையில் 10-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து, வெற்றிடக் கலத்தில் குமிழிகள் முற்றிலும் அடங்கும்வரை வைத்து, அச்சில் ஊற்றி, 80 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது இறுகவிடுங்கள். உரித்தெடுத்துத் துளையிட்டபின், ரப்பரையும் கண்ணாடித் தகட்டையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்சாரத்தால் அயனியாக்கிய வாயுவில்) அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காட்டி, உடனே சேர்த்து அழுத்தினால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மா தரும் நீர்நாட்டம் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கிவிடும் என்பதால், ஒட்டிய கையோடு தடங்களை நீரால் நிரப்பிவிடுவது நல்லது.

இந்த ரப்பர் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் எளிதில் கடத்துவதால் செல் வளர்ப்புக்கு ஏற்றது. ஆனால் நீராவியையும் அதே தாராளத்துடன் வெளியே விடுவதால், ஈரப்பதம் குறைந்த இன்குபேட்டரில் அறையின் ஊடகம் செறிவடைந்து செல்களை வாட்டும். நீர்வெறுக்கும் சிறு மூலக்கூறுகளை அது உறிஞ்சியும் கொள்கிறது. அத்தகைய மருந்துகளைச் சோதிக்கிறவர்கள் பிடிஎம்எஸ்ஸைத் தவிர்த்துக் கண்ணாடியையோ பாலிஸ்டைரீனையோ நாடுவதே சரி. உறிஞ்சப்பட்ட மருந்தைக் கணக்கில் சேர்க்காமல் வரையும் மருந்தளவு வரைபடம் தவறான முடிவுக்கே கொண்டுசெல்லும்.

குமிழி

செல் வளர்ப்புச் சோதனைகள் வீணாவதற்கு முதன்மையான காரணம் காற்றுக் குமிழிதான் என்பது என் அனுபவம். மூன்று நாள் வளர்ந்து தரையை நிறைத்திருந்த செல் படலத்தின்மீது ஒரு குமிழி நகர்ந்து போவதை நான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். அதன் முன்விளிம்பு நெருங்கும்வரை செல்கள் அசையாமல் இருந்தன. விளிம்பு கடந்ததும் அவற்றின் ஓரங்கள் சுருண்டன. குமிழி அறையைவிட்டு வெளியேறியபோது அது வந்த வழி முழுவதும் வெறும் கண்ணாடியாகத் தெரிந்தது. பாய்வு தரும் தகைவைக் காட்டிலும் காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையின் பரப்பு இழுவிசை செல்களுக்குப் பன்மடங்கு கொடியது.

அன்று நான் செய்த தவறு, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தை நேராகச் சிரிஞ்சில் ஏற்றியதுதான். குளிர்ந்த திரவத்தில் அதிக வாயு கரைந்திருக்கும்; 37 டிகிரிக்குச் சூடாகும்போது அது குமிழியாக வெளிவரும். ஊடகத்தை முன்னதாகவே இன்குபேட்டரில் வைத்துச் சூடாக்கிச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். தடங்களை முதலில் 70 சதவீத எத்தனாலால் நிரப்பினால் அது மூலைகளையும் நனைத்துக் காற்றை வெளியேற்றும். பிறகு உப்புக் கரைசலால் நன்றாகக் கழுவி, செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஃபைப்ரோனெக்டின் அல்லது கொலாஜன் புரதக் கரைசலை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் நிற்கவிட்டுச் செல்களை விதையுங்கள். குழாயைச் செருகும்போது துளையின் வாயிலும் குழாயின் நுனியிலும் துளித் திரவம் புடைத்து நிற்க வேண்டும். துளியும் துளியும் தொட்டு இணைந்தால் இடையில் காற்று சிக்காது. விதைத்தபின் செல்கள் ஒட்டிக்கொள்ளும்வரை சில மணி நேரம் பாய்வைத் தொடங்காமல் இருங்கள்.

துகள் பிரிப்பு

குழாயில் ஓடும் துகள்கள் குறுக்காக நகர்ந்து, மையத்திலிருந்து ஆரத்தின் 0.6 பங்குத் தொலைவில் வளையமாகத் திரள்வதை 1961-இல் செக்ரேயும் சில்பர்பெர்க்கும் கண்டறிந்தார்கள். திரவத்தின் நிலைமத்தால் எழும் இந்த நகர்வை நுண்தடங்களில் செல்களை வரிசைப்படுத்தப் பயன்படுத்தலாம் என்பதை 2007-இல் டினோ டி கார்லோவும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். நடைமுறை விதி இதுதான்: துகளின் விட்டத்தைத் தடத்தின் குறுகிய அளவால் வகுத்தால் 0.07-க்கு மேல் வரும் துகள்கள் வரிசைப்படும். அதற்குக் கீழே உள்ளவை திரவத்தோடு அலையும்.

15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புற்றுநோய் செல்களை 7 மைக்ரோமீட்டர் செல்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகை வரிசைப்பட உயரம் 214 மைக்ரோமீட்டருக்குக் குறைவாகவும், இரண்டாம் வகை வரிசைப்படாமல் இருக்க 100 மைக்ரோமீட்டருக்கு அதிகமாகவும் இருக்க வேண்டும். 150 மைக்ரோமீட்டர் என்று எடுத்தால் விகிதங்கள் 0.1, 0.047 என வருகின்றன. இரண்டும் எல்லையிலிருந்து போதிய தொலைவில் உள்ளன. இந்தத் தடத்தைச் சுருளாக வளைத்து வரையுங்கள். அகலம் 500 மைக்ரோமீட்டர், சுருளின் ஆரம் 1 சென்டிமீட்டர், மொத்தப் பாய்வு நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் என்றால் சராசரி வேகம் வினாடிக்கு 0.22 மீட்டர், ரெனால்டு எண் ஏறத்தாழ 50, வளைவால் எழும் சுழிகளைக் குறிக்கும் டீன் எண் 5-க்குச் சற்று மேல். மாதிரியை வெளிச்சுவர் ஓரமாகவும், தூய கரைசலை அதைப்போல் ஏழெட்டு மடங்கு வீதத்தில் உட்சுவர் ஓரமாகவும் செலுத்துங்கள். பெரிய செல்கள் உட்சுவர் அருகே நிலைகொள்ளும். சிறியவை டீன் சுழியோடு ஒரு சுற்றுச் சுற்றி வெளிச்சுவருக்குத் திரும்பும். அவை திரும்பும் இடத்தில் தடம் இரண்டாகப் பிரிய வேண்டும். அந்த நீளம் 10 சென்டிமீட்டர் அளவில் இருக்கும் என்றாலும், 7, 15 மைக்ரோமீட்டர் ஒளிர் மணிகளை ஓட்டிப் பார்த்துப் பாய்வு வீதத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் சரிசெய்யாமல் செல்களுக்குச் செல்ல வேண்டாம்.

2004-இல் ஹுவாங்கும் குழுவினரும் அறிமுகப்படுத்திய தூண்வரிசை முறை இன்னொரு வழி. ஒவ்வொரு வரிசையும் சற்றே விலகி நிற்கும் தூண்களுக்கிடையே ஓடும்போது, குறிப்பிட்ட விட்டத்துக்கு மேற்பட்டவை மட்டும் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. தூண்களின் இடைவெளி 30 மைக்ரோமீட்டர், விலகல் அடுத்தடுத்த தூண்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவில் பத்தில் ஒரு பங்கு என்றால் அந்த எல்லை விட்டம் சுமார் 14 மைக்ரோமீட்டர். பிரிப்பு மிகத் துல்லியமானது. அடைப்பும் மிக எளிதில் ஏற்படும். திசுவிலிருந்து பிரித்தெடுத்த செல்களுக்கு நான் சுருளையே பரிந்துரைப்பேன்.

எந்த முறையானாலும் மாதிரியை 40 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, 2 மில்லிமோலார் ஈடிடிஏவும் சிறிதளவு அல்புமினும் சேர்த்துக்கொண்டால் செல்கள் கட்டியாகா. சிரிஞ்சுக்குள் நடப்பதையும் கவனியுங்கள்: 15 மைக்ரோமீட்டர் செல் ஒன்று வினாடிக்கு ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் வீதம் படிவதால், அரை மணி நேரத்துக்குள் 10 மில்லிமீட்டர் இறங்கிவிடும். கிடையாக வைத்த சிரிஞ்சில் கடைசிப் பாதி வெறும் கரைசலாகவே வெளியேறும். உள்ளே சிறு காந்தக் குச்சியை இட்டுக் கலக்குங்கள், அல்லது அயோடிக்சனால் சேர்த்துத் திரவத்தின் அடர்த்தியைச் செல்லின் அடர்த்திக்கு நெருக்கமாக உயர்த்துங்கள். முழு இரத்தத்தை அப்படியே ஓட்டினால் சிவப்பணுக்களின் நெருக்கம் வரிசையைக் குலைத்துவிடும். முதலில் அவற்றைச் சிதைத்து நீக்குங்கள், அல்லது நன்றாக நீர்த்துக்கொள்ளுங்கள்.

பிரித்ததை வளர்ப்பது

பிரிப்புச் சில்லின் வெளிவாயை வளர்ப்பு அறையோடு குழாயால் நேரடியாக இணைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சுருளுக்குள் தகைவு 9 பாஸ்கல் வரை எழுந்தாலும் செல் அங்கே இருப்பது அரை வினாடிதான். அதே 1 மில்லிலிட்டர் பாய்வு மேலே சொன்ன வளர்ப்பு அறைக்குள் நுழைந்தால் 7.5 பாஸ்கல் தகைவு தொடர்ந்து விழும். எந்தச் செல்லும் தரையில் ஒட்டாது. எனவே அல்புமின் பூசிய குழாயில் சேகரித்து, 300 மடங்கு புவியீர்ப்பில் ஐந்து நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி, சில மைக்ரோலிட்டர் ஊடகத்தில் மறுபடி கலக்குங்கள். 1 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அறையின் கொள்ளளவு 1 மைக்ரோலிட்டர் மட்டுமே; அதன் தரையை மேற்சொன்ன அடர்த்தியில் நிரப்ப 5,000 செல்கள் போதும் என்பதால், கிடைக்கும் செல்கள் குறைவாக இருக்கும்போது இவ்வளவு சிறிய அறை பேருதவியாகிறது.

விதைக்கும் முன்பு இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உள்ளே சென்ற இலக்குச் செல்களில் எத்தனை சதவீதம் மீண்டன, மீண்ட செல்களில் எத்தனை சதவீதம் இலக்குச் செல்கள். சுருள் வழியே செல்லாத அதே செல்களை இன்னொரு அறையில் அதே நாளில், அதே செறிவில் விதைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு அறைகளிலும் உயிருள்ளவற்றைக் கால்சீன் சாயத்தாலும் இறந்தவற்றைப் புரோப்பிடியம் அயோடைடாலும் எண்ணுங்கள். இரண்டிலும் செல்கள் மடிந்திருந்தால் பூச்சையும் ஊடகத்தையும் குமிழிகளையும் சோதியுங்கள். சுருளிலிருந்து வந்த அறையில் மட்டும் மடிந்திருந்தால் பாய்வு வீதத்தைக் குறைத்து, ஒளிர் மணிகளோடு மறுபடியும் தொடங்குங்கள்.