காய்ந்த மாதிரிதான் இருக்கும்

அம்மாவின் நைந்த நூல்சேலைகளை ஒட்டுப்பலகையில் ஒட்டி, அதன்மேல் நாளிதழ் எழுத்துகளையும் அக்ரிலிக் வண்ணத்தையும் அடுக்கி ஓர் ஓவிய வரிசை செய்துகொண்டிருக்கிறேன். மூன்று பலகைகள் அரைகுறையாக நிற்கின்றன. நான்காவது, போன அக்டோபர் மழையில் கொப்புளம் கட்டி உரிந்துபோனது.

காரணம் என் அவசரம். பசை விரலில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று மேலே வண்ணம் பூசிவிட்டேன். மலேசியாவில் நான் இருக்கும் பினாங்கின் ஈரக்காற்றில் மேல்தோல் மட்டும் முதலில் இறுகும். உள்ளே நீர் அப்படியே நிற்கும். ஹேர் டிரையர் காட்டினால் தோல் இன்னும் சீக்கிரம் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருந்தால் நீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பலகையையும் முன்புறம் மட்டும் பூசி விட்டுவிடாதீர்கள். பின்பக்கத்துக்கும் ஒரு பூச்சு கொடுக்காவிட்டால் ஈரம் குடித்து வளையும்.

எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசுவது அடுத்த தவறு. பிடிக்காது, பாளம் பாளமாக உரியும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் போடலாம், தாராளமாக.

நாளிதழை நேராக ஒட்டாதீர்கள். அந்தக் காகிதத்தில் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் இருக்கும். வெளிச்சம் பட்டால் பழுக்கும், பிறகு நொறுங்கும். நல்ல காகிதத்தில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரதி வேண்டாம், பெரும்பாலும் ஈரம் பட்டதும் மை ஓடும். ஜெல் மீடியத்தால் (கெட்டியான அக்ரிலிக் பசை) எழுத்தைப் பலகைக்கு மாற்றுவதானால் முதலில் பிரதியைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். நான் மறந்து, ஒரு பலகை முழுக்கத் தமிழ் திரும்பி நின்றது. பார்க்க வந்த தோழி, "நவீன ஓவியமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே நம் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் மஞ்சளும் குங்குமமும் வாங்கிக் குழைக்கும் ஆசை நம்மவர்கள் எல்லோருக்கும் வரும். மஞ்சள் வெயிலில் வெளுக்கும். வண்ணப்பொடி குழைக்கும் அக்ரிலிக் மீடியத்தில் கொஞ்சம் காரத்தன்மை உண்டு, அதில் குழைத்தால் மஞ்சள் சிவக்கவும் பார்க்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் தயாரிக்கும் அதே சங்கதிதான். நிலைக்கும் நிறம் வேண்டுமென்றால் காவி மண்ணுக்குப் போங்கள், அதன் இரும்பு ஆக்சைடு அசையாது. கோலத்துக்கு எடுக்கும் அரிசி மாவைத் தொடவே வேண்டாம். எறும்பும் பூஞ்சையும் உங்களுக்கு முன்னால் படைப்பை முடித்துவிடும்.

மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்தேக் துணியைச் சேர்க்கிறவர்கள் மெழுகைக் கொதிநீரில் முழுக்க எடுத்துவிடுங்கள், எச்சத்தின் மேல் எந்த வண்ணமும் நிற்காது. பாத்தேக்கை ஓவியமாக்கிய சுவா தியான் தெங் வேலை செய்ததும் இந்த ஊரில்தான்.

இங்கே லெபோ அர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் சகாரெவிச் என்ற ஓவியர் 2012இல் சுவரில் குழந்தைகளை வரைந்து, நிஜ சைக்கிளை அதோடு சேர்த்து நிறுத்தினார். அதைப் பார்த்து வீட்டுச் சுவரில் இரும்பை அறைகிறவர்கள் அதிகம். பழைய கடைவீடுகளின் சுவர் சுண்ணாம்புப் பூச்சு, மூச்சு விடும். அதை பிளாஸ்டிக் வண்ணத்தால் அடைத்தால் உள்ளே ஏறும் ஈரம் உப்போடு வெடித்து வெளியே வரும். துருப்பிடித்த ஆணியும் படத்தின் மேல் தன் பங்குக்கு ஒரு கோடு இழுக்கும்.

மூன்றாவது பலகையில் சேலையின் முந்தானையை ஒட்டி இன்றோடு ஐந்து நாள். இன்று காலையும் புறங்கை வைத்தேன். சில்லென்றுதான் இருக்கிறது.