எமல்ஷன் பாலிமரைக் கரைக்கும் யூனிட்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் பார்க்க வேண்டியவை

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறை ஈ.டி.பி.களில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில்), ஸ்லட்ஜ் எனும் கழிவுநீர்ச் சேற்றைத் திரட்டிச் சேர்க்கும் பாலிமரைக் கரைக்கிற யூனிட் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். போன் எடுத்தால் பாதி நேரம் முதல் பேச்சே "அண்ணா, இந்த லோடு பாலிமர் சரியில்லைங்க, ஸ்லட்ஜ் கட்டவே மாட்டேங்குது" என்பதுதான். போய்ப் பார்த்தால் பாலிமர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைத் தண்ணீரில் கரைக்கிற இடத்தில்தான் கோளாறு. விலை உயர்ந்த சரக்கை வாங்கி, அதில் ஒரு பகுதியைக் கரையாத கட்டியாகவே சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இங்கே சொல்வது கேனில் வரும் திரவ எமல்ஷனுக்கு மட்டும். பவுடர் பாலிமருக்கு ஹாப்பர், ஈரப்படுத்தும் கூம்பு, 45 நிமிடத்துக்கு மேல் ஊறல் என்று வழி வேறு.

கேனுக்குள் இருப்பது வெளியே மினரல் ஆயில், அந்த எண்ணெய்க்குள் நுண்ணிய துளிகளாகத் தண்ணீரோடு கலந்த பாலிஅக்ரிலமைடு. இதைத் தண்ணீரில் விட்டதும் எண்ணெய்ப் படலம் உடைந்து, உள்ளே இருக்கும் பாலிமர் வெளியே வந்து உப்ப வேண்டும். இது நடப்பது முதல் சில நொடிகளில். அந்த நேரத்தில் தண்ணீர் பலமாக அடித்து ஒவ்வொரு துளியையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெளித்தோல் மட்டும் உப்பி, உள்ளே தண்ணீர் புகாத கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை அப்புறம் எவ்வளவு கலக்கினாலும் கரையாது.

துளி பிரிந்தபின் கதை மாறுகிறது. பாலிமர் சங்கிலி சிக்கு விழுந்த நூல் கண்டு மாதிரி. மெல்ல விட்டால் நீளமாகப் பிரியும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அறுந்த துண்டுக்கு ஸ்லட்ஜைச் சேர்த்துப் பிடிக்கும் சக்தி குறைவு. ஆக முதலில் பலமான அடி, பிறகு 15 முதல் 30 நிமிடம் மெதுவான ஊறல். யூனிட்டில் இருக்கும் எல்லாப் பாகமும் இந்த இரண்டுக்காகத்தான்.

பல இடங்களில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு. 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், 1440 ஆர்.பி.எம். மோட்டாரில் நேரடியாகச் சின்ன ஃபேன், மேலிருந்து ஒரு ஜக்கில் பாலிமரை ஊற்றிவிட்டு ஷிப்ட் முழுக்கச் சுற்றவிடுவது. அடி தேவைப்படும் நொடியில் கிடைப்பதில்லை; தேவையில்லாத எட்டு மணி நேரமும் கிடைக்கிறது.

அளவு எப்படிப் போடுவது

கடையில் "எத்தனை லிட்டர் யூனிட் வேணும்?" என்று கேட்பார்கள். டேங்க் அளவிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்லட்ஜிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்லட்ஜைப் பிழிந்து தண்ணீரைப் பிரிக்கும் ஒரு ஸ்க்ரூ பிரஸ்ஸுக்கு மணிக்கு 5 கன மீட்டர் ஸ்லட்ஜ் போகிறது, அதில் திடப்பொருள் 2 சதவீதம் என்று வையுங்கள். உலர்ந்த கணக்கில் மணிக்கு 100 கிலோ. ஜார் டெஸ்டில் (ஜாடிகளில் டோஸை மாற்றிப் பார்க்கும் சோதனை) ஒரு டன் உலர்ந்த ஸ்லட்ஜுக்கு 5 கிலோ ஆக்டிவ் பாலிமர் (எண்ணெயும் தண்ணீரும் நீங்கலான அசல் பாலிமர்) வேண்டும் என்று வந்தால், மணிக்கு அரைக் கிலோ ஆக்டிவ். கேனில் ஆக்டிவ் 40 சதவீதம் என்றால் 1.25 கிலோ எமல்ஷன், அதாவது சுமார் 1.2 லிட்டர். நிமிடத்துக்கு 20 மில்லி. எமல்ஷனை அளந்து விடும் டோசிங் பம்ப் இந்த 20 மில்லியை ரேஞ்சின் நடுவில் தரவேண்டும். அதிகபட்சமே மணிக்கு 50 லிட்டர் தரும் பம்பை வாங்கி அடிமட்டத்தில் ஓட்டினால் ஒரு நாளும் சீராக வராது.

அடுத்து தண்ணீர். எமல்ஷனும் தண்ணீரும் முதலில் மோதும் அடிக்கும் அறையில் எமல்ஷன் கணக்கில் 0.5 சதவீதத்துக்குக் கரைக்கிறோம் என்றால் மணிக்கு 250 லிட்டர். அரை மணி ஊறலுக்குக் குறைந்தது 125 லிட்டர் டேங்க் போதும். நான் 250 போடச் சொல்வேன். அதன்பிறகு லைனிலேயே இன்னொரு 250 லிட்டர் தண்ணீர் சேர்த்து 0.25 சதவீதமாக்கி பிரஸ்ஸுக்கு அனுப்பலாம். முதலிலேயே ஒரேயடியாக நீர்த்துவிடாமல் இரண்டு கட்டமாகச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போது துளிகள் ஒன்றோடொன்று உராய்ந்து எண்ணெய்ப் படலம் சீக்கிரம் உடையும். கேனிலேயே சேர்த்திருக்கும் உடைக்கும் சோப்புப் பொருளும் போதிய செறிவில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: "0.25 சதவீதம்" என்று ஒருவர் சொன்னால் எமல்ஷன் கணக்கா, ஆக்டிவ் கணக்கா என்று கேளுங்கள். மேலே சொன்ன கரைசல் ஆக்டிவ் கணக்கில் 0.1 சதவீதம்தான். இதைக் குழப்பிக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் டோஸ் போடும் இடங்கள் உண்டு.

தண்ணீர்

நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். உப்புத் தண்ணீரில் சங்கிலி விரியாமல் சுருண்டே கிடக்கும். இரும்பு கலந்திருந்தால் இன்னும் மோசம், சங்கிலியையே அறுக்கும். குளோரின் போட்ட தண்ணீரும் அப்படித்தான்.

ஆர்.ஓ. பெர்மியேட் (ஆர்.ஓ. வடிகட்டி தரும் உப்பு நீங்கிய தண்ணீர்) கொடுங்கள் என்று கேட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகு, கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று வைத்து மீட்கிற தண்ணீர் அது. சாயத்துக்கே திருப்பி வேண்டும். ஆனால் மேலே சொன்ன கணக்கில் கெட்டிக் கரைசலுக்கு மணிக்கு 250 லிட்டர்தான் போகிறது. போர் தண்ணீரில் கரைத்து அதிகப்படியாகச் செலவாகும் பாலிமரின் விலையை இந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார். பெர்மியேட் பற்றாக்குறை என்றால் முதல் கட்டத்துக்கு மட்டும் அதைக் கொடுத்து, இரண்டாம் நீர்த்தலுக்கு சாஃப்ட்னர் தண்ணீர் (கடினத்தன்மை நீக்கியது) விடலாம். எவாப்பரேட்டர் கண்டன்சேட்டும் (ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த நீர்) உப்பில்லாத தண்ணீர்தான், ஆனால் சூடாக வரும். 40 டிகிரிக்குக் கீழே ஆறவைத்துத்தான் விட வேண்டும்.

சுத்திகரித்த கழிவுநீர் சும்மாதானே இருக்கிறது என்று அதில் கேட்டயானிக் (நேர்மின் உள்ள) பாலிமரைக் கரைக்காதீர்கள். மிச்சமிருக்கும் சாயம் பெரும்பாலும் எதிர்மின் உள்ளது; ஸ்லட்ஜைப் பார்ப்பதற்கு முன்பே பாலிமரைத் தின்றுவிடும்.

அடிக்கும் அறை

இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் தண்ணீரின் பிரஷரே நாசில் வழியாகச் சீறி வேலை செய்யும். மோட்டார் இல்லை, பழுது குறைவு. மற்றொன்றில் சின்ன அறைக்குள் மோட்டாரில் இம்பெல்லர் சுற்றும்.

நாசில் வகை வாங்குகிறவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே இல்லை. மேல்தொட்டி 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.6 பார். பைப் உராய்வு போனால் அதுவும் இல்லை. அதில் நாசில் சீறாது, வழியும். பூஸ்டர் பம்ப் வைத்து, சப்ளையர் சொல்லும் குறைந்தபட்ச பிரஷர் யூனிட்டின் வாயிலில் கேஜில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே இந்த வகை. தண்ணீர் பிரஷர் ஏறி இறங்கும் ஆலையில் மோட்டார் வைத்த அறையே எனக்குப் பிடிக்கும்.

எந்த வகையானாலும் எமல்ஷன் உள்ளே நுழையும் முனையில் இருக்கும் ஸ்பிரிங் செக் வால்வைத்தான் நான் முதலில் கழற்றுவேன். கட்டைவிரல் நகம் அளவு சீட். அது சரியாக உட்காராவிட்டால் யூனிட் நிற்கும்போதெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் பின்னால் ஏறும். எமல்ஷனும் தண்ணீரும் அங்கேயே சந்தித்து வெள்ளைப் பிசினாக இறுகும். விரலால் பிதுக்கினால் வழுக்கிக்கொண்டு நழுவுமே தவிர வெளியே வராது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவ முயன்றால் இன்னும் உப்பும். துணியால் வழித்தெடுத்து மினரல் ஆயிலால் துடையுங்கள். நாலு ஸ்குரூவில் கழற்ற முடிகிற மாதிரி வால்வு உள்ள யூனிட்டையே வாங்குங்கள். ஸ்பேர் ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

பம்பும் கேனும்

எமல்ஷனுக்குச் சின்ன மோனோ பம்ப் (ரப்பர் உறைக்குள் திருகு மாதிரி ரோட்டர் சுற்றுவது) அல்லது பெரிஸ்டால்டிக் (ரப்பர் குழாயை உருளை அழுத்தித் தள்ளுவது). மோனோ என்றால் ஸ்டேட்டர், அதாவது அந்த உறை, வைட்டான் ரப்பரில் இருக்க வேண்டும். தண்ணீருக்குப் போடும் ஈ.பி.டி.எம். ரப்பர் மினரல் ஆயிலில் உப்பி ரோட்டரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெறும் கேனை உறிஞ்ச விட்டால் எந்த ஸ்டேட்டரும் தாங்காது. சக்‌ஷன் பக்கம் 100 மில்லி காலிப்ரேஷன் குழாய் கட்டாயம். நம் கணக்கில் அது ஐந்து நிமிடத்தில் காலியாக வேண்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். டயலில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

கேனை நிறுத்தி வைத்தால் நாளடைவில் எண்ணெய் மேலே பிரியும். கலக்காமல் அடியிலிருந்து உறிஞ்சினால் முதலில் அளவுக்கு மிஞ்சிய பாலிமர், கடைசியில் வெறும் எண்ணெய். "புதுக் கேன் நல்லா இருந்துச்சு, பாதியில் கெட்டுப்போச்சு" என்ற புகாருக்கு இதுதான் விடை. மாட்டுவதற்கு முன் உருட்டுங்கள், அல்லது மெதுவான டிரம் கலக்கி வையுங்கள். மூடியை மூடியே வைக்கவும். மழைச் சாரல் பட்டால் மேலே தோல் கட்டும். தகரக் கொட்டகையில் வெயில் விழும் மூலையில் வைக்க வேண்டாம்.

ஊறல் டேங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை), எச்.டி.பி.ஈ. (பிளாஸ்டிக்) அல்லது ஸ்டெய்ன்லெஸ் போடுங்கள்; எம்.எஸ். (சாதா இரும்பு) டேங்க் வேண்டாம், துரு வரும். பெரிய இலை, கியர்பாக்ஸ் போட்டு மெதுவான சுற்று. கரைந்ததை அனுப்ப சென்ட்ரிஃபியூகல் பம்ப் போடாதீர்கள், சங்கிலியை வெட்டும், இங்கும் மோனோதான். இரண்டாம் தண்ணீரைச் சேர்க்க ஒரு ஸ்டாட்டிக் மிக்ஸரும் (சுழலும் பாகமில்லாமல் கலக்கும் குழாய்) ரோட்டாமீட்டரும் (ஓட்டம் காட்டும் மீட்டர்) போதும். நீர்த்த கரைசல் சக்தி இழந்துகொண்டே போகும். அன்று கரைத்தது அன்றே தீர வேண்டும்.

ஓட்டும் வரிசை

முதலில் தண்ணீர். ஓட்டம் நிலையானதும் அறையின் மோட்டார். அதன்பிறகே எமல்ஷன் பம்ப். நிறுத்தும்போது எமல்ஷன் முதலில் நிற்க வேண்டும். தண்ணீர் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் ஓடி அறையைக் கழுவ வேண்டும். கரண்ட் போய் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் வந்ததும் முதலில் கழுவுங்கள். தண்ணீர் லைனில் ஃப்ளோ சுவிட்ச் வைத்து, ஓட்டம் நின்றால் எமல்ஷன் பம்ப் தானாக நிற்கும்படி பேனலில் கட்டச் சொல்லுங்கள். விலை குறைக்கிறேன் என்று இதை எடுத்துவிடும் கொட்டேஷன்கள் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

யார் மேல் தப்பு என்று கண்டுபிடிக்க

பாலிமர் கம்பெனிக்கு போன் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பக்கெட்டில் 398 மில்லி பெர்மியேட், சிரிஞ்சில் 2 மில்லி எமல்ஷன். கையில் பிடிக்கும் பிளெண்டரை ஓடவிட்டு, சுழலுக்குள் எமல்ஷனை ஒரே அழுத்தாக விட்டு, பத்து நொடியில் நிறுத்துங்கள். அரை மணி வைத்தால் 0.5 சதவீதக் கரைசல். இன்னொரு டம்ளரில் யூனிட்டின் ஊறல் டேங்கிலிருந்து எடுங்கள். இரண்டிலும் சம அளவு தண்ணீர் சேர்த்து, அதே ஸ்லட்ஜில் ஒரே அளவு விட்டுப் பாருங்கள். கையால் கரைத்தது பெரிய கட்டியாகக் கட்டி, யூனிட்டில் கரைத்தது பொடியாக நின்றால் பாலிமர் மேல் பழி இல்லை. இரண்டுமே கட்டாவிட்டால் தாராளமாகக் கம்பெனிக்குப் போன் போடலாம், அல்லது ஸ்லட்ஜ் மாறியிருக்கும்.

யூனிட் கரைசலை டீ வடிகட்டியில் ஊற்றியும் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கி இருப்பது எண்ணெயால், அது கவலையில்லை. வலையில் கண்ணாடித் துண்டு மாதிரி கட்டி தங்கினால் அடி போதவில்லை. கட்டியே இல்லை, ஆனால் விரலிடையே தேய்த்தால் வழவழப்பும் இல்லை, நூலும் இழுக்கவில்லை என்றால் எமல்ஷன் பிரியவே இல்லை. தண்ணீரையும் செறிவையும் பாருங்கள்.

கீழே சிந்தினால் ஓஸ் போட்டு அடிக்காதீர்கள். தரை முழுக்க வழுக்கும், ஆள் விழுந்து இடுப்பு போகும். மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சி, மண்வெட்டியால் அள்ளி எடுத்தபின் உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். உப்பில் பாலிமர் சுருங்கி வழுக்கல் விடும். ஒரு மூட்டை மரத்தூளும் கல்லுப்பும் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்தால் உதவாது.