சோலார் வாட்டர் ஹீட்டர்: வெந்நீர் கீழே இறங்க வழிவிடுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 100 லிட்டர் சோலார் ஹீட்டர் பொருத்திய முதல் வாரத்தில், வெந்நீரைச் சேமிக்கும் கலம் நிறையக் கொதிநீர் இருந்தும் குளியலறைக் குழாயில் நூல் போலத்தான் வந்தது. அதைச் சரிசெய்யும்போது கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் இடம். கண்ணாடிக் குழாய்கள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை தென்னை ஓலையின் நிழல் படக் கூடாது. நிழலோடு, நெற்று விழும் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். கண்ணாடிக் குழாயில் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து கலத்துக்கு ஏற, கலத்தின் அடியிலுள்ள குளிர்நீர் அந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. இந்தச் சுழற்சிக்கு மோட்டார் தேவையில்லை. ஆனால் வெந்நீரைக் கீழே தள்ளுவது மேல்நிலைத் தொட்டியின் அழுத்தமே என்பதால், தொட்டியின் அடிமட்டம் கலத்தின் உச்சியைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

நான் தடுமாறியது மூன்றாவது படியில். எங்கள் வெந்நீர்க் குழாயைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றி, மறுபுறம் இறக்கியிருந்தார்கள். நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து, அந்த மேட்டு வளைவில் தங்கி வழியை அடைத்துவிடுகிறது. சுவரின் அடியில் துளையிட்டு, கலத்திலிருந்து குளியலறை வரை குழாய் எங்கும் மேலேறாமல் இறங்குமுகமாகவே செல்லும்படி மாற்றினோம். வால்வைத் திறந்ததும் இரண்டு முறை 'புஸ்' என்று காற்று சீறி, பின்பு நீர் வாளியில் சத்தத்தோடு கொட்டியது. இதற்கு வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாயையே வாங்குங்கள், சாதாரண பி.வி.சி. வெந்நீரில் இளகி வளைந்துவிடும்.

கலத்தின் உச்சியிலுள்ள காற்றுப்போக்கிக் குழாயின் வாய், தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் நீர் வழியும். வழிகிறதே என்று மட்டும் அதை அடைத்துவிடாதீர்கள். ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் கூடும்; நீர் இறங்கும்போது வெற்றிடம் உண்டாகி உட்கலம் நசுங்கவும் கூடும்.

முதன்முறை அதிகாலையில் நிரப்புங்கள். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் குளிர்நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

குளச்சல் கடலோரத்தில் வசிக்கும் ஒருவர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன்: உப்புக் காற்றில் தாங்குசட்டத்தின் வெல்டிங் இணைப்புகளே முதலில் துருப்பிடிக்கும், அவற்றுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுங்கள். ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் நமக்கு உண்டு என்பதால், மின்சாரச் சூடேற்றி உள்ள கலமே நல்லது என்பது என் கருத்து.

நீர் போதிய சூடாகாவிட்டால், கண்ணாடிக் குழாய்களின் அடிநுனியைப் பாருங்கள். அங்கே வெள்ளி போல மின்னும் பூச்சு சுண்ணாம்பாக வெளுத்திருந்தால், அந்தக் குழாயின் இரு சுவர்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் காற்று புகுந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும்.