பலூனில் விளக்கைத் தொங்கவிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நான்கு மாணவர்கள், தொலைநோக்கியைச் சரிபார்க்க விளக்கைத் தொங்கவிட்ட தங்கள் பலூன் பறப்பின் தரவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். வரைபடத்தைத் திறந்ததுமே எனக்குப் பகீரென்றது. பல வருடம் முன்னால் நாங்கள் பார்த்த அதே அலை, விளக்கின் ஒளி சீராக ஏறி இறங்குகிறது. "விளக்குப் பெட்டி ஆடியிருக்குமோ?" என்றேன். "இல்ல சார், முடுக்கமானியில அரை டிகிரிகூட காட்டல." முடுக்கமானி என்பது சாய்வைப் பார்க்கப் பெட்டிக்குள் வைக்கும் சின்னக் கருவி. நாங்களும் அன்றைக்கு இதையேதான் சொன்னோம். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தொலைநோக்கியின் கண்ணாடி, ஃபில்டர், கேமரா, நடுவில் இருக்கிற காற்று எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஒளியைத் தின்றுவிடுகின்றன என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? இதுவரை பெரும்பாலும் வேறு நட்சத்திரங்களை வைத்துத்தான். முன்பு வேகா என்ற பிரகாசமான நட்சத்திரம். ஹபிளுக்கு ஜி.டி.71, ஜி.டி.153, ஜி191-பி2பி என்ற மூன்று வெள்ளைக் குறுமீன்கள் (எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரங்கள்), அவற்றின் ஒளி இவ்வளவு என்பதும் மாதிரிக் கணக்கிலிருந்து வந்ததுதான். பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் காட்டிக்கொடுத்த 1ஏ வகை சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் நட்சத்திரங்களை, இன்னும் நுணுக்கமாக அளக்கப் போனால், நீல ஃபில்டருக்கும் சிவப்பு ஃபில்டருக்கும் நடுவே 1 சதவீதம் பிசகினாலே அந்த வேகத்துக்குக் காரணம் என்று கருதப்படும் கரும் ஆற்றலைப் பற்றிய கணக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் இத்தனை வாட் என்று ஆய்வகத்தில் அளந்த ஒரு விளக்கையே மேலே கொண்டுபோய்த் தொங்கவிட்டு, அதைத் தொலைநோக்கியால் பார்க்கலாம் என்ற யோசனை வந்தது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஆல்பர்ட் குழுவினரின் ஆல்டேர் திட்டம் இந்த வழியில் போனதுதான்.

பேட்டரி குளிரில் படுத்துவிடுவது, சில ஜி.பி.எஸ். மாடல்கள் 18 கி.மீ.க்கு மேல் நின்றுபோவது, பாராசூட் கயிறு சிக்குவது, இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நான் விட்டுவிடுகிறேன்.

வாட் கணக்கில் விளக்கு வாங்குவது

எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் 1 வாட் பச்சை ஒளியை 20 கி.மீ. உயரத்தில் வைத்தால், நேர் கீழே நிற்பவருக்கு அது கிட்டத்தட்ட பொலிவெண் 3 கொண்ட நட்சத்திரம் (பொலிவெண் கூடக்கூட மங்கல்). கண்ணுக்கே தெரியும். பெரிய தொலைநோக்கியின் கேமராவில் அது வழிந்து நாசமாகிவிடும். 1 மில்லிவாட் போட்டால் பத்தரை. அதுவே தாராளம்.

நட்சத்திரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பலூனைப் பார்ப்பது

20 கி.மீ. நமக்குத்தான் தூரம், தொலைநோக்கிக்கு அது பக்கத்து வீடு. நட்சத்திரத்துக்குச் சரியாக வைத்த ஃபோகஸில் பலூன் விளக்கு புள்ளியாக விழாது, நடுவில் ஓட்டையோடு மெதுவடை மாதிரி விழும். அந்த ஓட்டை, பெரிய கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் சின்ன இரண்டாம் கண்ணாடியின் நிழல். வடை எவ்வளவு பெரிது என்பது சுலபமான கணக்கு, கண்ணாடியின் விட்டத்தைத் தூரத்தால் வகுத்தால் போதும். காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டால் 24 ஆர்க்செகண்ட் வருகிறது (ஒரு டிகிரியில் 3600 ஆர்க்செகண்ட்). நட்சத்திரத்துக்கு இரண்டு மூன்று ஆர்க்செகண்ட் போதும் என்று பழகிய மென்பொருளை அப்படியே ஓடவிட்டால், வடையின் ஓட்டையில் வட்டம் போட்டு அளந்துவிட்டு ஒளி குறைகிறது என்று சொல்லும். ஃபோகஸை மாற்றலாம்தான், ஆனால் கண்ணாடியை நகர்த்திய பிறகு நீங்கள் அளப்பது நட்சத்திரம் பார்க்கிற அதே கருவியை அல்ல. நான் வடையை அப்படியே விட்டுவிட்டு வட்டத்தைப் பெரிதாகப் போடுவேன். அப்புறம் பலூன் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். காற்று வினாடிக்கு 10 மீட்டர் என்றால் 20 கி.மீ. தூரத்தில் அது வினாடிக்கு 100 ஆர்க்செகண்ட், செயற்கைக்கோளைத் துரத்துகிற மாதிரி துரத்த வேண்டும்.

முடுக்கமானி ஆடவில்லை என்று சொன்னால் நம்பிவிடுவது

இதற்குத்தான் வந்தேன்.

எங்கள் விளக்கு, உள்ளே வெள்ளை பூசிய ஒரு கோளம். உள்ளே எல்.இ.டி., ஒளி பல தடவை பட்டுத் தெறித்து, அடியில் இருக்கும் வட்டத் துளை வழியாகக் கீழே வரும். உள்ளேயே ஒளியை அளக்கும் ஒரு ஃபோட்டோடயோடு, ஒளி கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடும். துளை தட்டையானது என்பதால் நேர் கீழே நிற்பவருக்கு முழு ஒளி, 30 டிகிரி விலகி நிற்பவருக்கு 87 சதவீதம், 45 டிகிரிக்கு 71. இது பாடப்புத்தகத்தில் உள்ள கொசைன் கணக்கு, யாரும் தவறவிடுவதில்லை. தவறவிடுவது அடுத்த படியை. பெட்டி 1 டிகிரி சாய்ந்தால் என்ன ஆகும்? நேர் கீழே நின்றால் ஒன்றும் ஆகாது. 30 டிகிரியில் 1 சதவீதம் மாறும். 45 டிகிரியில் 1.75 சதவீதம். பலூன் தொலைநோக்கியின் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கவா போகிறது, 20 கி.மீ. உயரத்தில் 20 கி.மீ. தள்ளிப் போனாலே 45 டிகிரிதான்.

எங்கள் முதல் பறப்பில் விளக்கின் ஒளி மேலே 4, கீழே 4 சதவீதம் என்று 5 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. உள்ளே இருந்த ஃபோட்டோடயோடு கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. முதலில் மெல்லிய மேகம் என்றோம். பிறகு எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் சர்க்யூட்டைப் பிரித்து, கெப்பாசிட்டரை மாற்றி, குளிர்பெட்டிக்குள் வைத்து இரண்டு வாரம் ஓட்டினோம். ஒன்றும் இல்லை. ஊசலோ என்று சந்தேகம் வராமல் இல்லை. கயிறு 10 மீட்டர், பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால் 6.3 வினாடி வர வேண்டும், வருவதோ 5.2. முடுக்கமானியும் 0.4 டிகிரிக்கு மேல் சாய்வு காட்டவில்லை. அதனால் ஊசல் இல்லை என்று தள்ளிவிட்டு இன்னொரு சிலிண்டர் ஹீலியம் வாங்கி இரண்டாவது முறை பறக்கவிட்டோம். அதே அலை. பெட்டி ஏரியில் விழுந்து, கோளத்தின் வெள்ளைப் பூச்சு பாழாகி, எட்டு மாதம் போயிற்று.

இரண்டு காரணத்தையும் நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம். 6.3 வினாடி என்பது மேல்நுனி ஆணியில் கட்டிய கயிற்றுக்கு. எங்கள் மேல்நுனி பலூன், பெட்டி ஒரு பக்கம் போனால் பலூன் மறுபக்கம் நகரும், அதனால் ஆட்டம் சீக்கிரம் முடிந்து திரும்பும். 5.2 என்பது ஊசலேதான். முடுக்கமானி விஷயம் இன்னும் மோசம். சின்ன வயதில் தூக்குவாளியில் தண்ணீரோ மோரோ எடுத்துக்கொண்டு கையை வீசி நடந்திருப்பீர்கள். வாளி முன்னும் பின்னும் நன்றாகச் சாயும், ஆனால் உள்ளே மோர் ஒரு பக்கமாக ஏறாது, வாளியின் அடிக்கு இணையாகவே நிற்கும். வாளிக்குள் உட்கார்ந்து பார்த்தால் எதுவும் சாயவில்லை. முடுக்கமானி அந்த மோர்தான். கயிற்றில் தொங்கி ஆடும் பெட்டியைப் புவியீர்ப்பை விட்டால் இழுப்பது கயிறு ஒன்றுதான், முடுக்கமானி உணர்வதும் அந்தக் கயிற்றின் இழுப்பைத்தான், கயிறு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதையே அது "மேல்" என்று சொல்லும். பெட்டி 2 டிகிரி ஆடினாலும் 10 டிகிரி ஆடினாலும் அதன் கணக்கில் சாய்வு ஏறக்குறைய பூஜ்யம். கருவியில் பழுதே இல்லை, தவறான கேள்வியை அதனிடம் கேட்டிருக்கிறோம். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கருவி பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் தேடியிருப்போம். அது நம்பிக்கையாகப் பொய் எண் கொடுத்தது.

எல்லாச் சாய்வும் அதற்குத் தெரியாது என்றும் இல்லை. பேட்டரி ஒரு மூலையில் கனமாக இருந்து பெட்டி கோணலாகவே தொங்கினால் அதைச் சரியாகச் சொல்லும். "எக்ஸ்போஷரை நீட்டினால் ஆட்டம் சராசரியாகிவிடுமே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். ஆட்டம் சராசரியாகும், கோணல் ஆகாது.

சரி, என்ன செய்வது? ஆட்டத்துக்கு, திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவைக் கேளுங்கள், 5 வினாடி ஆட்டத்தைப் பிடிக்க மலிவான ஜைரோவே போதும். கீழே பார்க்கும் ஒரு சின்ன கேமரா வைத்து ஊர் விளக்குகள் நகர்வதையும் பதிவு செய்யுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் தட்டைத் துளையை விட்டுவிடுங்கள். துளைக்குக் கீழே பால் வெள்ளையாக ஒரு பந்தைப் பொருத்தினால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே ஒளி. ஏறக்குறையதான், அதனால் ஆய்வகத்தில் பந்தை 2 டிகிரிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பி அளந்து அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலை, இரண்டு நாள் ஆகும், செய்யுங்கள்.

உயரம் எதிலிருந்து?

ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறையும், எனவே தூரத்தில் 0.5 சதவீதப் பிழை ஒளியில் 1 சதவீதம். தென்னிந்தியாவில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜியாய்டு என்பது சராசரிக் கடல்மட்டம், நீள்கோளம் என்பது பூமிக்குக் கணக்கில் வைத்துக்கொள்ளும் வழவழப்பான வடிவம். உலகத்திலேயே ஜியாய்டு மிகவும் தாழ்ந்த இடம் இலங்கைக்குத் தெற்கே, நீள்கோளத்துக்கு 106 மீட்டர் கீழே. தமிழ்நாட்டிலும் 90 மீட்டர் பக்கம் வருகிறது. ஒரு ஜி.பி.எஸ். கடல்மட்டத்திலிருந்து உயரம் சொல்லும், இன்னொன்று நீள்கோளத்திலிருந்து சொல்லும். பலூனுக்கு ஒன்றும் தொலைநோக்கிக்கு மற்றொன்றும் போட்டுக் கழித்தால் 20 கி.மீ.யில் 90 மீட்டர் போய்விடும். கிட்டத்தட்ட 0.9 சதவீத ஒளி.

எல்.இ.டி.யின் நிறம் மாறாது என்று நினைப்பது

குளிரில் மாறும். பறக்கும் வெப்பநிலையில் அளந்துவிட்டுப் போங்கள்.

ஓசோன்

ஒளியைக் கொஞ்சம் தின்னும் ஓசோனின் பெரும்பகுதி உங்கள் விளக்குக்கு மேலே இருக்கிறது. நட்சத்திர ஒளி அதைக் கடந்து வரும், விளக்கின் ஒளி கடக்காது. 600 நானோமீட்டர் பக்கம் நட்சத்திரத்துக்கு அதைத் தனியாகக் கழிக்க வேண்டும்.

நேர முத்திரை

பெட்டிக்கும் கேமராவுக்கும் ஒரே ஜி.பி.எஸ். நேரம். கணினிக் கடிகாரம் வேண்டாம்.

அந்த நான்கு பேரிடமும் முடுக்கமானி இருந்த சிப்பின் மாடல் எண்ணைக் கேட்டேன். ஜைரோவும் சேர்ந்து வருகிற சிப்தான். அதன் தரவும் மெமரி கார்டில் பதிவாகியிருந்தது, யாரும் திறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து திறந்து, கோணமாக மாற்றி, தொலைநோக்கிக் கேமராவின் வரைபடத்துக்கு மேல் வைத்துப் பார்த்தோம். மேடு பள்ளம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. அவர்களுக்கு இரண்டாவது சிலிண்டர் வாங்க வேண்டியிருக்கவில்லை, முதல் பறப்பின் தரவையே இப்போது சாய்வு கழித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.