டிஎஃப் ஒன்று சொல்கிறது, டியூ வேறொன்று சொல்கிறது: காணாமல் போன டிஸ்க் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

டேட்டாபேஸ் எழுத மறுக்கிறது, லாக்கில் பிழை எண் 28. லினக்ஸில் 28 என்றால் டிஸ்கில் இடமில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் கை வைப்பது ரீபூட்டில்தான். வேண்டாம். சில சமயம் அது வேலை செய்துவிடும், தடயமும் சேர்ந்து அழிந்துபோகும். சில வாரத்தில் அதே பிழை திரும்பி வரும்.

‘டிஎஃப்’ ஒரு பார்ட்டிஷனின் மொத்தக் கணக்கைச் சொல்லும், ‘டியூ’ ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும். கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்; பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். எல்லாமே ரூட்டாக.

1. ‘டிஎஃப் -எச்’. எந்தப் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.

2. எதுவுமே நிரம்பவில்லையா? ‘டிஎஃப் -ஐ’. இது ஐநோடு கணக்கு; ஐநோடு என்பது ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் ஐநோடு வேண்டும். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்யும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. பிஎச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்தால் ஜிபி கணக்கில் இடம் மீதி இருந்தும் புது ஃபைல் பிறக்காது. ‘ஆர்எம்’முடன் நட்சத்திரக்குறி போட்டு அழிக்கப் பார்த்தால் பட்டியல் நீளம் என்று திட்டும். ‘ஃபைண்ட்’டின் ‘-டெலீட்’தான் வழி, நாள் வரம்பு கொடுத்து, முதலில் ‘-டெலீட்’ இல்லாமல் ஓட்டிப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

3. நிரம்பியிருந்தால் ‘என்சிடியூ -எக்ஸ்’. வெறும் ‘டியூ’வை விட இதுதான் என் விருப்பம், உள்ளே போய்ப் போய்ப் பார்க்கலாம். ‘-எக்ஸ்’ஸை விட்டால் வேறு பார்ட்டிஷன்களையும் கூட்டிக் குழப்பும்.

4. டிஎஃப் 40 ஜிபி என்கிறது, டியூ கூட்டினால் 12 ஜிபிதான் வருகிறது. புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். யாரோ பெரிய லாக் ஃபைலை அழித்திருப்பார்கள். அழித்தது பெயரை மட்டுமே. அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் அதை மூடும்வரை டிஸ்க் பிளாக்குகள் விடுபடாது. பெயர் இல்லாததால் டியூவின் கண்ணுக்குப் படாது.

‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அடியுங்கள். அந்த ‘எல்’ பெரிய எழுத்து, பக்கத்தில் இருப்பது எண் ஒன்று. அழிந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும். பிஐடி (புராசஸின் எண்) 1234, எஃப்டி பத்தியில் ‘5டபிள்யூ’ என்றிருந்தால் 5 என்பது அந்தப் புராசஸ் திறந்த ஃபைலின் எண், டபிள்யூ என்பது எழுதுவதற்குத் திறந்ததைக் குறிக்கும்.

அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். என்ஜின்எக்ஸ் என்றால் அதுகூட வேண்டாம், ‘என்ஜின்எக்ஸ் -எஸ் ரீஓப்பன்’. நிறுத்தவே முடியாத சர்வீஸா? ‘ட்ரங்கேட் -எஸ் 0 /புராக்/1234/எஃப்டி/5’. இது லாக்குக்கு மட்டும்! டேட்டாபேஸ் ஃபைலில் செய்தால் தரவு போச்சு. இதன்பிறகும் எல்எஸ்ஓஎஃப் பெரிய அளவையே காட்டலாம்: அப்பெண்ட் முறையில் திறக்காத புராசஸ் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும், நடுவில் வெறும் ஓட்டை. டிஎஃப் சொல்வதை நம்புங்கள்.

திரும்ப வராமல் இருக்க, பழைய லாக்கை ஒதுக்கிப் புதிது தொடங்கும் லாக்ரோட்டேட்டின் அமைப்பில் ‘போஸ்ட்ரோட்டேட்’ (லாக்கை மாற்றியதும் ஓடும் கட்டளை) சரியாக இருக்க வேண்டும். ‘காப்பிட்ரங்கேட்’ சுலபம்தான்; ஆனால் நகலெடுத்து வெட்டுவதற்கு இடையில் வரும் சில வரிகள் தொலையும்.

5. எல்எஸ்ஓஎஃப்பிலும் ஒன்றும் சிக்கவில்லை என்றால், மவுண்ட் செய்த ஃபோல்டருக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாத இரவில் பேக்கப் முழுக்க ரூட் பார்ட்டிஷனில் எழுதப்பட்டு, மறுநாள் டிஸ்க் மேலே வந்து மூடிக்கொள்ளும். ‘மவுண்ட் --பைண்ட் / /எம்என்டி’ செய்து /எம்என்டி வழியாகப் பாருங்கள், அடியில் இருப்பது தெரியும்.

ரூட் அல்லாத பயனருக்கு மட்டும் பிழை வந்தால், இஎக்ஸ்டி4 ரூட்டுக்கென ஒதுக்கும் 5% காரணமாக இருக்கலாம். தரவு மட்டும் உள்ள டிஸ்க்கில் ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ போட்டுக் குறைக்கலாம். சிஸ்டம் டிஸ்க்கில் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: டாக்கர் ஓடும் சர்வரில் முதலில் கன்டெய்னர் லாக்கைப் பாருங்கள். வழக்கமான ஜேசன்-ஃபைல் அமைப்பில் அளவு வரம்பே கிடையாது. ‘மேக்ஸ்-சைஸ்’, ‘மேக்ஸ்-ஃபைல்’ போட்டு டாக்கரை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய கன்டெய்னர்களுக்கு அது பொருந்தாது. அவற்றை நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும்.